நான்காய் மடித்த புடவையும் 1,336 கிலோமீட்டர் உயரமும்

காலரா வார்டின் கட்டிலில் நடுவே ஒரு துளை இருக்கும். கான்வாஸ் துணி இழுத்துக் கட்டிய கட்டில். நோயாளியின் இடுப்புக்கு நேராக அந்தத் துளை, அதன் அடியில் ஒரு வாளி. செவிலியர் அவ்வப்போது குனிந்து, வாளியில் எத்தனை லிட்டர் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். வெளியே போன அளவு நீர் உள்ளே போயாக வேண்டும். காலரா சிகிச்சையின் பெரும்பகுதி அந்தக் கணக்குதான். வங்காளதேசத்தில் டாக்காவிலும் மத்லப்பிலும் இப்படிப்பட்ட கட்டில்களில் படுத்துப் பிழைத்துப் போனவர்கள் லட்சக்கணக்கானோர்.

1992 ஆகஸ்டில் வேறொரு அளவுகருவி விண்ணுக்குப் போனது. டோபெக்ஸ்/பொசைடன் என்ற அமெரிக்க - பிரெஞ்சுச் செயற்கைக்கோள் 1,336 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி கடல்மீது ரேடார் அலையை அனுப்பியது. அது பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு கடல் மட்டத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் சொன்னது. பத்து நாளுக்கு ஒருமுறை அதே தடத்துக்கு மேலே திரும்பி வந்தது. அதை வடிவமைத்தவர்கள் பேதியைப் பற்றி யோசித்திருக்க வாய்ப்பில்லை.

அந்தச் செயற்கைக்கோளும் கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியும் ஒரே நோயின் இரு முனைகளை அளந்துகொண்டிருந்தன என்பது பின்னால்தான் தெரிந்தது. 'செயற்கைக்கோள் காலராவைக் கண்டுபிடிக்கிறது' என்று பத்திரிகைகள் தலைப்புப் போடுவது உண்டு. எனக்கு அந்தத் தலைப்பில் உடன்பாடு இல்லை. எந்தச் செயற்கைக்கோளும் இதுவரை ஒரு காலராக் கிருமியைக்கூடப் பார்த்ததில்லை. அவை பார்ப்பது கடலின் சூட்டை, உயரத்தை, நிறத்தை, மேகம் கொட்டும் மழையை. கடலின் நிறத்திலிருந்து மனிதக் குடல் வரை வந்து சேர இடையில் பல படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியையும் வெவ்வேறு ஆட்கள் முயல், பானை, வாளி, துணி என்று கையில் கிடைத்ததை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் படிகளில் எது உறுதி, எது இன்னும் ஆடுகிறது என்று பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

குடலுக்குள்

வாந்திபேதி என்று நம் ஊர்களில் பெயர் சொல்லிப் பயந்த அந்த நோயில் மருத்துவரைத் திகைக்க வைப்பது அதன் வேகம். கடுமையாகத் தாக்கினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்த நீர் போய்க்கொண்டே இருக்கும். காலையில் வயலுக்குப் போன ஆளுக்கு மாலையில் கண்கள் குழிவிழுந்து, குரல் கம்மி, விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியவை போலச் சுருங்கிக் கிடக்கும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நிற்கும். ஆனால் நினைவு தப்பாது. தண்ணீர் கேட்டபடி இருப்பார். சிகிச்சை கிடைக்காவிட்டால் கடுமையாகத் தாக்குண்டவர்களில் பாதிப்பேர் வரை இறக்கக்கூடும். சரியாகக் கிடைத்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. இத்தனை பெரிய இடைவெளியை வெறும் உப்பும் சர்க்கரையும் நீரும் அடைக்கிற நோய் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ராபர்ட் காக் 1884-ல் கல்கத்தாவில் கிருமியை அடையாளம் கண்டார். கிருமி என்ன செய்கிறது என்பது மட்டும் அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு புரியவில்லை. அதே கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற நோய்க்கூறு அறிஞர் முயலின் குடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமி வளர்த்த திரவத்தைச் செலுத்திப் பார்த்தார். கட்டிய குடல் நீர் கோத்து உப்பியது. 1959-ல், கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவம்கூட அதையே செய்யும் என்று காட்டினார். கிருமி குடலை அரிப்பதில்லை, ஒரு நச்சைச் சுரக்கிறது என்பது அதில் உறுதியானது. உடலியலில் அந்த நூற்றாண்டின் மிகச் சுத்தமான சோதனைகளில் இதுவும் ஒன்று என்பேன். அதற்கு ஏற்ற பெயர் அவர் உயிரோடு இருந்தபோது அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த நச்சு, குடலின் உட்சுவர் செல்லில் ஒட்டி உள்ளே நுழைந்து, ஒரு விசையை 'திற' நிலையிலேயே இறுக்கிவிடுகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞைப் பொருள் செல்லுக்குள் ஏறிக்கொண்டே போகிறது. குளோரைடு வாய்க்கால்கள் மூடாமல் திறந்து கிடக்கின்றன. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் நீரும் பின்னாலேயே போகின்றன. குழாயைத் திறந்துவிட்டுத் திருகைப் பிடுங்கி எறிந்தது மாதிரி. ஆனால் நச்சு ஒன்றை மறந்துவிடுகிறது. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே போகிற தனிவழி ஒன்று அதே செல்லில் இருக்கிறது. அதை நச்சு தொடுவதில்லை. அந்த வழியை ராபர்ட் கிரேன் 1960-ல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் விளக்கினார். 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் நோயாளிகளுக்குக் குளுக்கோஸும் உப்பும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்து, ஊசிவழி ஏற்றும் நீரின் தேவை பெருமளவு குறைவதைக் காட்டினார்கள்.

1971-ல் வங்காளதேசப் போரின்போது இந்திய எல்லையூரான பன்காவில் அகதிகள் முகாமில் காலரா பரவியது. மருத்துவர் திலீப் மகலனாபிஸிடம் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து, குழாய் வைத்த டிரம்களில் ஊற்றி வைத்தார். நோயாளியின் சொந்தக்காரர்களே பிடித்துக் கொடுக்கட்டும் என்றார். முகாமில் 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு, இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம் 3.6 சதவீதமாக இறங்கியது. இன்று மருந்துக்கடையில் வாங்குகிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் மூதாதை அந்த டிரம்.

ஆக, நோய் வந்தபின் என்ன செய்வது என்பது 1971-க்குள் தெரிந்துவிட்டது. அடுத்தது எப்போது, எங்கே வரும் என்பது தெரியவில்லை. இரண்டு கொள்ளைநோய்களுக்கு நடுவில் கிருமி எங்கே போகிறது?

கிருமியின் வீடு

மனிதரிடமிருந்து மனிதருக்குத் தண்ணீர் வழியே தாவுகிறது, நடுவில் அறிகுறி இல்லாத ஆட்களிடம் ஒளிந்திருக்கிறது என்பதே அப்போதைய பாடம். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் 1970-களில் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் காலராக் கிருமியைக் கண்டபோது பலரும் நம்பவில்லை. காலரா நோயாளி இல்லாத ஊரின் கழிமுகத்தில் காலராக் கிருமி எப்படி இருக்கும்? அது அங்கேயே வாழ்கிற கழிமுக உயிர், மனிதக் குடலுக்குள் வருவது அதற்கு ஒரு பக்கப் பயணம் என்பதுதான் அவர் பதில்.

அவருடைய குழு 1982-ல் இன்னொன்றையும் சொன்னது: நிலைமை சரியில்லாதபோது இக்கிருமி சுருண்டு ஒடுங்கிவிடும், உயிரோடு இருக்கும், ஆனால் ஆய்வகத் தட்டில் வளராது. தட்டில் வளரவில்லை என்பதால் 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் இத்தனை காலமும் ஏமாந்திருக்கிறார்கள். வங்காளதேசக் குளங்களிலும் ஆறுகளிலும் எடுத்த நீரைத் தட்டில் வளர்த்தால் நூற்றில் ஒரு மாதிரிகூடத் தேறவில்லை. ஒளிரும் எதிர்ப்புப் புரதத்தால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட மாதிரிகளில் கிருமி பளிச்சிட்டது.

அது ஒட்டிக்கொண்டிருந்த இடம் கோப்பிபாடுகள். மிதவைப் பாசியைத் தின்று வாழும், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிற இறால் இனத்துச் சிற்றுயிர்கள். அன்வர் ஹக்கும் கோல்வெல்லும் 1983-ல் இந்த உறவை விவரித்தார்கள். கோப்பிபாடின் ஓடு கைட்டின் என்ற கெட்டிப் பொருளால் ஆனது; காலராக் கிருமியால் கைட்டினைத் தின்ன முடியும். முட்டைப்பை சுமக்கும் பெண் கோப்பிபாடின் மேல் கிருமிகள் மொய்த்துக் கிடக்கும். ஒன்றின் மேல் பத்தாயிரம் வரை இருக்கலாம். வயிற்று அமிலத்தைத் தாண்டி நோயாக்குவதற்குக் கிருமி பெருங்கூட்டமாக வர வேண்டும். ஒரு குவளைக் குளத்து நீரில் இப்படிச் சில பயணிகள் வந்துவிட்டால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது.

இங்கேதான் வானத்துக்கு வழி திறக்கிறது. கோப்பிபாடை விண்ணிலிருந்து பார்க்க முடியாது. அது தின்னும் பாசியைப் பார்க்கலாம், ஏனென்றால் பாசியின் பச்சையம் கடலின் நிறத்தை மாற்றுகிறது. பாசி பெருகினால் சில வாரங்களில் கோப்பிபாடு பெருகும், அதன் முதுகில் கிருமி பெருகும், அலையேற்றத்தோடு உப்புநீர் ஆற்றுக்குள் ஏறும், குளத்தில் கலக்கும், பானைக்கு வரும்.

1992

டோபெக்ஸ் ஏவப்பட்ட அதே ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் புதுவகைக் காலரா ஒன்று தலைகாட்டியது. அதுவரை பெருங்கொள்ளை நோயாக வந்தவை எல்லாம் ஓ1 வகை, இது ஓ139. முன்பு காலரா வந்து எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் இது விட்டுவைக்கவில்லை. மதுரை, வேலூர், பிறகு கல்கத்தா, 1993 தொடக்கத்தில் வங்காளதேசம் என்று போனது. வங்காள விரிகுடாவை ஒட்டியே நகர்ந்ததால் அதற்கு 'பெங்கால்' என்று பெயர் வைத்தார்கள். முதலில் தென்பட்டது நம்மூரில், பெயர் போனது அங்கே.

பிராட் லோபிட்ஸ், கோல்வெல் உள்ளிட்ட குழு வங்காளதேச மருத்துவமனைகளின் 1992 - 1995 காலராப் பதிவேடுகளை எடுத்து, அதே காலத்து வங்காள விரிகுடாவின் மேற்பரப்பு வெப்பம், கடல் மட்டம் ஆகிய செயற்கைக்கோள் அளவுகளோடு பொருத்திப் பார்த்தது. கடல் சூடேறும் பருவத்தை ஒட்டி நோய் ஏறியது. கடல் மட்டம் உயர்ந்தால் உப்புநீர் உள்நாட்டுக்குள் எவ்வளவு தூரம் ஏறும் என்பதும் மாறியது. 2000-ல் வெளியான அந்தக் கட்டுரைதான் வாளியையும் செயற்கைக்கோளையும் முதலில் ஒரே வரைபடத்தில் உட்கார வைத்தது.

நான்காண்டுத் தரவை வைத்துக் கொள்ளைநோயின் இலக்கணம் எழுதிவிட முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிற எந்த இரண்டையும் அருகருகே வைத்தால் பொருந்துவதுபோலத்தான் தெரியும். மாம்பழ விலையும் காலராவும்கூடப் பொருந்தலாம். பின்னால் வந்தவர்கள் இதைச் சரியாகவே நோண்டினார்கள். அலி அகண்டா, அந்தர்ப்ரீத் ஜுட்லா, ஷஃபிகுல் இஸ்லாம் ஆகியோர் வங்காள வடிநிலத்தில் காலராவுக்கு ஆண்டில் இரண்டு உச்சங்கள் இருப்பதையும் இரண்டுக்கும் காரணம் வேறு என்பதையும் காட்டினார்கள். மழைக்கு முந்திய உச்சம் ஆறு வற்றும்போது வருகிறது: ஆற்றில் ஓட்டம் குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. மழைக்குப் பிந்திய உச்சம் வெள்ளத்தால் வருகிறது: கழிவும் குளமும் கிணறும் ஒன்றாகிவிடுகின்றன. தண்ணீர் குறைந்தாலும் காலரா, மிஞ்சினாலும் காலரா.

இன்னொரு முடிச்சும் இருந்தது. பொதுவாகக் கடல் சூடானால் மேற்பரப்பில் சத்து குறைந்து பாசி குறையும். வங்காள விரிகுடாவின் வடமுனையில் நேர்மாறு. சூடும் பாசியும் சேர்ந்தே ஏறுகின்றன. காரணம் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் சத்து. கடலின் கணக்குக்கு விடை ஆற்றில் இருந்தது. அதனால் பிறகு கிரேஸ் செயற்கைக்கோள்களின் அளவுகளையும் எடுத்துக்கொண்டார்கள். 2002-ல் ஏவப்பட்டு 2017 வரை இயங்கிய இந்த இரட்டையர் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போவார்கள். கீழே நிலத்தடியில் நீர் கூடினாலோ குறைந்தாலோ ஈர்ப்பு மாறி அந்த இடைவெளி மயிரிழைக்கும் குறைவாக நீளும், சுருங்கும். அதிலிருந்து படுகையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று கணக்கிட்டு, வரப்போகும் பருவத்தின் காலராவைச் சில மாதங்களுக்கு முன்பே மதிப்பிட முயன்றார்கள்.

புடவை

இத்தனையும் அறிந்தபின் மத்லப் கிராமத்துப் பெண்ணிடம் என்ன சொல்வது? நீரைக் கொதிக்க வை என்றால் விறகு இல்லை. குழாய்க் கிணற்றுக்குப் போ என்றால் பல கிணறுகளில் ஆர்சனிக். கோல்வெல் குழு கையில் எடுத்தது பழைய பருத்திப் புடவை. கிருமி தனியாக இருந்தால் துணியில் நிற்காது. கோப்பிபாடின் மேல் சவாரி செய்தால் நிற்கும். துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து பஞ்சுபோல ஆன புடவையை நான்காக மடித்தால் துளையளவு சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கோப்பிபாடு தாண்டாது. புதுப்புடவை இந்த அளவுக்கு உதவாது, நூலிடைவெளி அதிகம். ஆய்வகத்தில் பழசுக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பது அபூர்வம்.

65 கிராமங்களில் சுமார் 1,33,000 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2003-ல் வெளிவந்தது. புடவையால் வடிகட்டிய வீடுகளில் காலரா 48 சதவீதம் குறைந்தது. இதற்கென்றே கொடுத்த நைலான் வலையால் 41 சதவீதம்தான். குடத்தின் வாயில் துணியை விரித்து, தண்ணீர் மொண்டபின் ஆற்றிலேயே அலசி, வெயிலில் உலர்த்துவது, அவ்வளவே வேலை. சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, யாரும் நினைவூட்டாமலே பத்தில் மூன்று பெண்கள் இன்னும் ஏதாவது ஒன்றால் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். மீதி ஏழு பேரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நம் வீடுகளிலும் குழாய் வாயில் வேட்டித்துணி கட்டினவர்கள்தாம்; அழுக்கு தெரியாதபோது அவிழ்த்துவிட்டோம்.

என் கணக்கில் இந்த ஆய்வுத் தொடரின் மிக வலுவான சான்று விண்ணிலிருந்து வந்ததல்ல, இதுதான். கோப்பிபாடைத் தடுத்தால் நோய் பாதியாகிறது என்றால், கோப்பிபாடுக்கு நோயில் பங்கு உண்டு. பச்சையத்துக்கும் பேதிக்கும் நடுவே இருந்த படியைக் கட்டிக்கொடுத்தது அந்தத் துணி.

எய்ட்டி: தோற்ற இடம்

2010 ஜனவரியில் கரீபியன் நாடான எய்ட்டியில் நிலநடுக்கம். அக்டோபரில் காலரா. குறைந்தது ஒரு நூற்றாண்டாக அந்த நாட்டில் காலரா பதிவானதில்லை. சூழலியல் தரப்பினர் வெப்பம், மழை, கழிமுகத்திலேயே இருந்திருக்கக்கூடிய கிருமி என்று பேசினார்கள். பிரெஞ்சு மருத்துவர் ரெனோ பியாரூ நோய் தொடங்கிய இடத்தைத் தேடி ஆற்றோடு மேலே போனார். மிர்பலே ஊருக்கு அருகே, ஆர்ட்டிபோனிட் ஆற்றில் சேரும் ஓர் ஓடை. அதன் கரையில் நேபாளத்திலிருந்து வந்த ஐ.நா. அமைதிப்படையின் முகாம், முகாமின் கழிவு ஓடைக்குள். 2011-ல் மரபணு ஒப்பீடு வந்தது. எய்ட்டிக் கிருமியும் நேபாளக் கிருமியும் ஏறக்குறைய ஒன்றே. சுமார் 8,20,000 பேர் நோயுற்று, பத்தாயிரத்தை ஒட்டி இறந்தார்கள். ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் 2016 டிசம்பரில் மன்னிப்புக் கேட்டார்.

இது சிறிய திருத்தமல்ல. கடலையும் வானத்தையும் பார்த்துப் பழகிய கண், பக்கத்திலிருந்த கழிவுக்குழாயைத் தவறவிட்டது. பழியைத் தட்பவெப்பத்தின்மேல் போடுவது அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு எப்போதும் வசதி என்பதால் இது வெறும் அறிவியல் பிழையாகவும் நிற்காது. ஆனால் கிருமி வந்து சேர்ந்தபின் எங்கே பரவும் என்ற கேள்வியில் நிலைமை வேறு. 2016 அக்டோபரில் மாத்யூ புயல் எய்ட்டியின் தென்மேற்கைத் தாக்கியபோது, ஜுட்லாவின் குழு மழையையும் வெப்பத்தையும் வைத்து அபாயப் பகுதிகளைக் குறித்தது.

ஏமன்

ஏமனின் மலையூர்களுக்குக் கோப்பிபாடுக் கதை நேரடியாகப் பொருந்தாது. அங்கே போரால் கழிவுநீர்க் குழாய்களும் நீரேற்று நிலையங்களும் உடைந்து கிடந்தன. 2016 இறுதியில் தொடங்கிய நோய் 2017-க்குள் பத்து லட்சம் சந்தேக நோயாளிகளைத் தாண்டியது. ஜுட்லா, கோல்வெல், ஹக் ஆகியோர் இதற்குப் பயன்படுத்திய வாய்ப்பாடு எளியது: வழக்கத்தைவிடச் சூடான வாரங்கள், அவற்றின் பின்னே வழக்கத்தைவிடக் கனத்த மழை, தண்ணீர் வசதி சிதைந்த ஊர். மழை அளவு ஜி.பி.எம். என்ற அமெரிக்க - ஜப்பானியச் செயற்கைக்கோள் திட்டத்திலிருந்து வந்தது. நான்கு வாரங்களுக்கு முன்பே எந்த வட்டாரத்தில் அபாயம் என்று வரைபடம் காட்டியது. 2017 நிகழ்வுகளோடு ஒப்பிட்டபோது 92 சதவீதம் சரி என்றார்கள்.

2018-ல் பிரிட்டனின் பன்னாட்டு வளர்ச்சித் துறையும் வானிலை அலுவலகமும் யுனிசெஃபும் இதைக் களத்தில் பயன்படுத்தின. மழை வருவதற்கு முன்பே அபாய ஊர்களில் குளோரின் மாத்திரை, சோப்பு, மருந்துப்பொருள் சேர்ந்தன. 2017-ல் ஒரு வாரத்தில் 50,000-க்கு மேல் போன புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2018-ல் 2,500 அளவுக்கு இறங்கியது. உலகப் பத்திரிகைகள் இதைச் செயற்கைக்கோளின் வெற்றி என்று எழுதின.

நான் அப்படி எழுதத் தயங்குவேன். பத்து லட்சம் பேர் நோயுற்று மீண்ட நாட்டில் அடுத்த ஆண்டு எதிர்ப்பாற்றல் உள்ளவர்கள் கூடியிருப்பார்கள். 2018 மே மாதம் ஏடனில் வாய்வழித் தடுப்பு மருந்தும் தொடங்கிவிட்டது. இவற்றைக் கழித்துவிட்டு வரைபடத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கட்டுப்பாட்டுக் குழு அங்கே இல்லை. போர்முனையில் இருக்கவும் முடியாது. மத்லப்பில் வடிகட்டாத கிராமங்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு 48 சதவீதம் என்று சொல்ல முடிந்தது. ஏமனில் அப்படி ஒரு எண்ணைச் சொல்ல வழியில்லை. 2019-ல் ஏமனின் சந்தேக நோயாளிகள் மறுபடி எட்டு லட்சத்தைத் தாண்டினார்கள். அந்த ஆண்டும் ஜி.பி.எம். மழையை அளந்துகொண்டுதான் இருந்தது.

இந்தியக் கடலோரத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2010 முதல் 2018 வரை 40 கடலோர மாவட்டங்களின் நோய்ப் பதிவுகளைக் கடலின் உப்பு, பச்சையம், நிலவெப்பம் போன்ற செயற்கைக்கோள் அளவுகளோடு சேர்த்துக் கணினிக்குப் பழக்கியதில், வெடித்த காலராக்களில் 89.5 சதவீதத்தை அது அடையாளம் கண்டதாக 2020-ல் ஒரு பிரிட்டிஷ் குழு வெளியிட்டது. அந்தக் கணினி கற்றது மாவட்டங்கள் அரசுக்கு அனுப்பிய பதிவுகளிலிருந்துதான். வயிற்றுப்போக்கு என்று மட்டும் எழுதி அனுப்பிய நோயாளி, மலப் பரிசோதனைக்கே போகாத நோயாளி, இவர்கள் யாரும் அந்த 89.5-க்குள் வரமாட்டார்கள்.